வலக் காதுக்கு ஒரு சிவப்பு ஸ்டிக்கர்

யோங் பெங்கில் ஒரு கொசு தும்மினால், எழுபது கிலோமீட்டர் தள்ளிக் கூலாயில் இருந்தபடியே "நூறு ஆயுசு" என்று வாழ்த்துகிற காது யோகேஸ்வரியின் காது. இதில் சந்தேகம் வருமானால் அது கொசு தும்முமா என்பதில்தான் வர வேண்டும். காதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்க முடியாது.

சேனாய்ப் பக்கம் ஸ்பீக்கர் செய்யும் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருடம் அவளுக்கு வேலையே கேட்பதுதான். வரிசையில் வரும் ஒவ்வொரு ஸ்பீக்கரிலும் அடியிலிருந்து உச்சிவரை ஒரு சத்தத்தை ஓட விடுவார்கள். அதில் மயிரிழை அளவு கரகரப்பு இருந்தாலும் யோகேஸ்வரியின் கை தானாகச் சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து ஒட்டிவிடும். ரிஜெக்ட். அதற்கு மேல் அப்பீல் கிடையாது. ஒருமுறை ஜப்பானிலிருந்து கேட்கும் இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார்கள். அது நல்லது என்று தள்ளிய நூறு ஸ்பீக்கரில் ஏழுக்கு அவள் ஸ்டிக்கர் ஒட்டினாள். பிரித்துப் பார்த்தால் ஏழிலும் பசை விட்டிருந்தது. இயந்திரம் அவமானம் தாங்காமல் கப்பலேறிவிட்டது என்று கேண்டீனில் பேச்சு. ஓய்வு பெற்ற நாளில் கொடுத்த கேடயத்தில் ஒரு காதைச் செதுக்கித் தங்க முலாம் பூசியிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் அப்பளம் மாதிரி இருக்கும். ஆனால் காதுதான்.

அந்தக் கேடயம் இப்போது கூலாய்த் தாமான் குடியிருப்பு வீட்டில் டிவிக்கு மேலே தொங்குகிறது. அதைப் பார்க்க யோகேஸ்வரியைத் தவிர அங்கே யாருமில்லை. கணவர் காளிதாஸ் போய் ஒன்பது வருடமாகிறது. ஒரே மகள் லோஷினிக்குச் சிங்கப்பூரில் மருந்துக் கம்பெனியில் வேலை, அங்கேயே அறை எடுத்துத் தங்கல், ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன். அந்தப் பத்து மணிக்காக யோகேஸ்வரி சனிக்கிழமையே குளித்துத் தயாராகிவிடுவாள்.

அந்தப் போனில்தான் முதல் கோளாறு வந்தது. லோஷினியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டது. பாதி எழுத்து வழியிலேயே உதிர்ந்துபோய், மீதிதான் வந்து சேர்ந்தது. யோகேஸ்வரி ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். போனைத் தூக்கிக்கொண்டு, போன் விற்றுப் பழுதும் பார்க்கும் ஆ செங் கடைக்குப் போனாள்.

"ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிருக்கு. மாத்து."

ஆ செங் தன் காதில் வைத்துப் பார்த்தான். "ஓக்கே லா, ஆன்ட்டி. கிளியர்."

"உனக்கு ஓக்கே. நான் முப்பத்தோரு வருஷம் இதத்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன். நீ பொறக்கறதுக்கு முன்னாடிலேருந்து."

புதுப் போன் வாங்கினாள். அதுவும் ரிஜெக்ட். மூன்றாவதும் ரிஜெக்ட். உலகத்தில் ஒரு கம்பெனிக்கும் இப்போது ஸ்பீக்கர் செய்யத் தெரியவில்லை என்ற முடிவுக்கு வந்தாள். பழைய தொழிற்சாலையிலிருந்து தன்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள் என்று ஒரு வாரம் வாசலைக்கூடப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு ஞாயிறு, வலக் கையில் குழம்புக் கரண்டி இருந்ததால், போனை இடக் காதில் வைத்தாள். மகள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசுவதுபோல் கேட்டது. வலக் காதுக்கு மாற்றினாள். கிணறு. இடக் காதுக்கு மாற்றினாள். நாற்காலி. குழம்பு அடிபிடிக்கிற வாடை வரும்வரை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று போனும் நல்ல போன்தான்.

கூடவே ஒரு சத்தமும் குடிவந்திருந்தது. வலக் காதுக்குள் ஓயாத 'ஙீ'. காலையில் அவளுக்கு முன்னால் எழுந்துவிடும். சாப்பிடும்போது எதிரே உட்கார்ந்துகொள்ளும். சீரியலில் மாமியார் கத்தும்போதுகூட அடங்காது. யோகேஸ்வரி அதைத் தொழில்முறையில் ஆராய்ந்தாள். மேல் சுருதி, தொடர்ச்சி, லேசான கரகரப்பு. "வரிசையில வந்திருந்தா அப்பவே ஒட்டியிருப்பேன் உன்ன" என்று அதனிடம் சொன்னாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுப் பேசியதற்கு நேரடியாகப் பதில் மாதிரி ஏதோ வந்துகொண்டிருந்தது என்றால் அது இந்த 'ஙீ' மட்டும்தான். அதனால் முழுசாக வெறுக்கவும் முடியவில்லை.

நடையிலும் கொஞ்சம் கோணல் வந்தது. வாசல் கேட்டுக்கு நேராகப் புறப்பட்டால் பப்பாளி மரத்தடியில் போய் நிற்பாள். மரம் நகர்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள்.

பெரிய மருத்துவமனையில் காந்த ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் கார்த்திகேயன், மூவார் ஊர்ச் செட்டியார் வீட்டுப் பிள்ளை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே படத்தைக் காட்டினார். காதுக்கும் மூளைக்கும் நடுவே, எலும்புக் குழாயின் வாயில், வெள்ளையாக ஒரு மொச்சைக்கொட்டை.

"கேக்குறதுக்கும் தள்ளாடாம நிக்கிறதுக்கும் ஒரே நரம்புக் கட்டுதாம்மா. அந்த நரம்போட உறையில வளர்ந்த கட்டி இது. புத்துநோய் கிடையாது. வேற எடத்துக்குப் பரவாது. பதினோரு மில்லிமீட்டர்தான் இருக்கு."

"எடுத்துருவீங்களா டாக்டர்?"

"முன்னல்லாம் பாத்த ஒடனே எடுத்துருவாங்க. இப்ப அப்படி இல்ல. மூணு வழி இருக்கு. ஒண்ணு, சும்மா பாத்துக்கிட்டே இருக்கறது. ஆறு மாசத்துக்கு ஒரு ஸ்கேன், ஒரு காது டெஸ்ட். பாதிக் கட்டிங்க வருஷக்கணக்கா வளராமலே கெடக்கும். ரெண்டு, கதிர். மண்டையத் தொறக்காம வெளியிலேருந்தே குறி வச்சு அடிக்கறது. மூணு, ஆப்பரேஷன். நம்ம மொகத்த அசைக்கிற நரம்பு இதுக்குப் பக்கத்துலயே ஓடுது, அதனால அது ரொம்பக் கவனமாப் பண்ண வேண்டிய வேலை." காது டெஸ்ட் தாளை எடுத்துப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். "உங்க காது இன்னும் அருமையா கேக்குதே! அப்படின்னா முதல் வழிதான். பாத்துக்கிட்டு இருப்போம்."

அந்தத் தாள் பொய்.

பொய்யின் பிறப்பிடம் தொழிற்சாலை. இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை காதைச் சோதிக்க ஒரு வேன் வரும். காது குறைந்திருந்தால் ஆளைப் பேக்கிங் பகுதிக்குத் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பேக்கிங் என்றால் அங்கே அட்டைப்பெட்டிகூட அழும். அதனால் தனலெட்சுமி என்ற சீனியர் ஒரு வித்தையைக் கண்டுபிடித்தாள். "காத நம்பாதடி, தோளப் பாரு. அந்தாளு பட்டன அமுக்கறப்ப வலது தோளு ஒரு நெல்லளவு எறங்கும். அப்ப நீயும் அமுக்கு." சத்தம் பெரிதிலிருந்து சிறிதாக எந்தக் கணக்கில் இறங்கும் என்பதையும் அவர்கள் கும்மிப் பாட்டு மாதிரி மனப்பாடம் செய்திருந்தார்கள். வார்த்தையைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் அது இன்னும் சுலபம். மெஷின் இரைச்சலில் முப்பதடி தள்ளி நிற்பவளின் உதட்டைப் படித்தே ஊர்க்கதை முழுவதும் பேசி முடிக்கிறவர்கள் அவர்கள். யோகேஸ்வரிக்கு அந்த வித்தை ஒருநாளும் தேவைப்படவில்லை. ஆனால் நாற்பது பேருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நாற்பது பேரும் பாஸ்.

இப்போது அறுபத்து மூன்று வயதில் முதல் தடவையாகத் தனக்கே அதை எடுத்துக்கொண்டாள்.

மருத்துவமனையில் காதைச் சோதிக்கும் பெண் சுஹைலா. கூண்டுக் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருப்பாள். அவள் தோள் நெல்லளவு இல்லை, புளியங்கொட்டை அளவுக்கே இறங்கும். யோகேஸ்வரிக்குக் கொண்டாட்டம். "மக்சிக் சாப்பிட்டாச்சா?" என்று மலாயில் அத்தை முறை வைத்துக் கேட்டுக்கொண்டே சுஹைலா ஹெட்போனை மாட்டி, முடியை ஒதுக்கிவிடுவாள். ஆறு மாதத்தில் யோகேஸ்வரியின் தலையில் பட்ட ஒரே கை அதுதான். அந்தக் கைக்காகவே பாஸாக வேண்டும் போலிருக்கும்.

இரண்டரை வருடம், ஐந்து டெஸ்ட், ஐந்திலும் பாஸ். உண்மையான காதோ ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே நடந்துபோய்க்கொண்டிருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் லோஷினி வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, சிங்கப்பூரில் தன் பதினாலாவது மாடி அறைக்குக் கூட்டிப்போய் வைத்துவிடுவாள். அது ஒன்று. அதைவிடப் பெரியது டிவிக்கு மேலே தொங்கியது. காது போன யோகேஸ்வரி யார்? வெளியில் யாராவது பேசினால் மூன்று பதில் கைவசம் வைத்திருந்தாள்: "ஆமாலா", "அப்படியா", "பாக்கலாம் பாக்கலாம்." இந்த மூன்றை வைத்துக்கொண்டு நாட்டையே ஆளலாம். "என்ன சொன்ன?" என்று மட்டும் கேட்கமாட்டாள். கேட்பதையே தொழிலாக வைத்திருந்தவள் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்பாள்?

ஐந்தாவது ஸ்கேனில் மொச்சைக்கொட்டை பதினாறு மில்லிமீட்டர் ஆகியிருந்தது.

"இனி சும்மா பாத்துக்கிட்டு இருக்க முடியாது" என்றார் கார்த்திகேயன். "இப்ப உங்க காதுதாம்மா எங்களுக்கு வழிகாட்டி. காது இவ்ளோ நல்லா கேக்குதுன்னா, அத எப்படியாச்சும் காப்பாத்தணும். காதுக்குப் பின்னால மண்டையத் தொறந்து, நரம்ப விட்டுட்டுக் கட்டிய மட்டும் உரிக்கிற ஆப்பரேஷன யோசிக்கலாம். எட்டு மணி நேரம் ஆவும். காது ஏற்கெனவே போயிருந்தா அந்த ஆபத்தே எடுக்க வேணாம், கதிரே போதும். அடுத்த வியாழக்கிழமை கடைசியா ஒரு டெஸ்ட் எடுப்போம். அத வச்சுத்தான் முடிவு. வீட்லேருந்து யாராச்சும் வரணும்."

இல்லாத காதைக் காப்பாற்ற எட்டு மணி நேரம் மண்டையைத் திறந்து வைத்திருக்கப்போகிறார்கள். பஸ்ஸில் திரும்பும்போது யோகேஸ்வரிக்கு இது முழுசாகப் புரிந்தது. புரிந்தும், இறங்கி வீட்டுக்கு நடக்கையில் தனலெட்சுமியின் கும்மிப் பாட்டை வாய் தானாக முணுமுணுத்தது.

அவள் மகளுக்குச் சொல்லவில்லை. மருத்துவமனையே சொல்லிவிட்டது. அவசரத்துக்கு என்று எழுதிக் கொடுத்திருந்த எண்ணுக்கு நர்ஸ் போன் போட்டாள். வியாழக்கிழமை லோஷினி சிங்கப்பூர்ப் பாலத்து நெரிசலில் மூன்று மணி நேரம் நின்று, முகம் உப்பிப்போய் வந்து சேர்ந்தாள்.

"அலமாக்! ரெண்டரை வருஷம்மா! மண்டைக்குள்ள கட்டிய வச்சுக்கிட்டு, ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம என்கிட்ட முருங்கைக்காய் கதையா பேசிக்கிட்டு இருந்தீங்க?"

"சின்னக் கட்டிதான் லா."

"யாரும் கூட வேணாம் உங்களுக்கு. நான்தான் கேட்டேன்ல, நீங்கதான் வேணாம்னுட்டீங்க."

யோகேஸ்வரி, மகள் தன் இடப்பக்கம் இருக்கும்படி ஏற்கெனவே நாற்காலி மாற்றி உட்கார்ந்திருந்தாள். அதனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"எப்பக் கேட்ட?"

"போன தீபாவளிக்கு முந்தின வாரம். பசார் மாலாம்ல. அப்பம் பாலிக் கடைக்கிட்ட. சேனாய்ல ஒரு கம்பெனியில எடுக்கறாங்கம்மா, சிங்கப்பூர விட்டுட்டு வந்துடறேன், வீட்லயே உங்ககூட இருக்கேன், வரட்டுமான்னு கேட்டேன். எவ்ளோ யோசிச்சுக் கேட்டேன் தெரியுமா? நீங்க பாட்டுக்கு அப்பத்தப் பாத்துக்கிட்டு 'பாக்கலாம் பாக்கலாம்'னீங்க." லோஷினி கைப்பையின் வாரைத் திருகினாள். "சரி, நம்ம தொந்தரவு வேணாம்னு நெனைக்கிறாங்கன்னு விட்டுட்டேன். ஜனவரியில அங்கயே மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாச்சு."

பசார் மாலாம் இரவுச் சந்தைக் கூட்டத்தில் மகள் எந்தப் பக்கம் நடந்து வந்தாள் என்று யோகேஸ்வரி நினைத்துப் பார்த்தாள். இடக் கையில் காய்ப் பை. மகள் வலப் பக்கம். ஜெனரேட்டர் இரைச்சல். அன்று மகள் வாய் அசைந்தது ஞாபகம் இருந்தது. உதட்டைக்கூடப் படிக்கவில்லை, அப்பம் திருப்பும் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோகேஸ்வரி!" என்று சுஹைலா கதவைத் திறந்தாள்.

அந்தக் கூண்டு ஜோகூர் மாநிலத்திலேயே தனிமையான இடம். செம்பனைத் தோட்டத்து நடுவில் நின்றால்கூட ஒரு பல்லி பேசும். இங்கே சுவர் முழுவதும் பொட்டுப் பொட்டாக ஓட்டை, ஒவ்வோர் ஓட்டையும் ஒரு சத்தத்தை விழுங்கிவிட்டு இன்னொன்றுக்கு வாய் பிளந்து நிற்கும். கதவு மூடியதும் மூச்சுவிடுவதுகூடப் பக்கத்து வீட்டுக்காரர் விடுவதுபோல இருக்கும். சுஹைலா ஹெட்போனை மாட்டி, முடியை ஒதுக்கி, கையில் பட்டனைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

முதலில் இடக் காது. அங்கே எல்லாம் கேட்டது. எறும்பு நடப்பதுபோன்ற சத்தத்துக்கும் பட்டன் அமுக்கினாள்.

அடுத்தது வலக் காது. இடக் காது குறுக்கே வந்து உதவாமல் இருக்க, அதற்குள் தகரக் கூரையில் மழை பெய்வதுபோல் 'ஷ்ஷ்' என்று ஓர் இரைச்சலைப் போட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் சுஹைலாவின் தோள் தயாராக இருந்தது. யோகேஸ்வரியின் கட்டைவிரலும் தயாராக இருந்தது. தோள் இறங்கியது. விரல் துள்ளப் பார்த்தது.

யோகேஸ்வரி கண்ணை மூடிக்கொண்டாள்.

உடனே உலகம் வற்றிப்போனது. ஒரு பக்கம் மழை, மறுபக்கம் 'ஙீ'. வேறு ஒன்றுமில்லை. எங்கோ ஆழத்தில் கனமாக ஒரு 'பூம்' கேட்டது. அது நிஜம், அமுக்கினாள். இன்னொன்று, அதுவும் நிஜம்போல இருந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. இப்போது வந்திருக்கும் என்று கும்மிப் பாட்டு சொன்னது. இப்போது மூன்றாவது, இப்போது கொஞ்சம் சின்னது, இப்போது இன்னும் சின்னது. நாற்பது பேரைப் பாஸாக்கிய விரல் பட்டன்மேலேயே இருந்தது. அவள் அமுக்கவில்லை. முப்பத்தோரு வருடத்தில் எத்தனையோ லட்சம் ஸ்பீக்கரைக் கேட்டிருப்பாள். ஒன்றுமே வராத ஸ்பீக்கர் கைக்கு வந்தால் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பாவப்படமாட்டாள், ஒட்டிவிட்டு அடுத்ததை எடுப்பாள். இதை மட்டும் இரண்டரை வருடம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் ஹெட்போன் பஞ்சுவரை வழிந்தது. துடைக்கவில்லை. கையைத் தூக்கினால், சத்தம் கேட்டுவிட்டது என்று சுஹைலா நினைத்துக்கொள்வாள்.

கதவு திறந்தது கன்னத்தில் பட்ட காற்றில்தான் தெரிந்தது.

"மக்சிக்," என்றாள் சுஹைலா மெதுவாக, "போன தடவை நன்றாக இருந்ததே. என்ன ஆச்சு?"

"போன தடவை உன் தோளு நல்லா இருந்துச்சு" என்று யோகேஸ்வரி மலாயில் சொன்னாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். வேன், பேக்கிங், தனலெட்சுமி, உதடு, எல்லாம். சுஹைலா முதலில் சிரித்தாள். பிறகு தன் வலது தோளைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு சிரிக்கவில்லை.

வெளியே லோஷினி எழுந்து, பழக்கத்தில் வலப் பக்கம் வந்து நின்று ஏதோ கேட்டாள். யோகேஸ்வரி மகளின் முழங்கையைப் பிடித்து இடப் பக்கம் நிறுத்தினாள்.

"பசார் மாலாம்ல நீ கேட்டது எனக்குக் கேக்கவே இல்லடி. அந்தப் பக்கம் காது போயிருச்சு. எப்பவோ போயிருச்சு."

லோஷினி அம்மாவையே பார்த்தாள். பிறகு கைப்பையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, அம்மாவின் இடப் பக்கமே நடந்தாள்.

டாக்டர் கார்த்திகேயன் புதுத் தாளையும் பழைய தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கோபித்துக்கொள்ள வாய் எடுத்தவர், யோகேஸ்வரியின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் குடித்தார். "நல்லவேள. அடுத்த மாசம் உங்க மண்டையத் தொறந்து ஒண்ணுமில்லாததத் தேடியிருப்போம்" என்றார். கதிர் என்று முடிவாயிற்று.

கோலாலம்பூரில் அதைச் செய்தார்கள். லோஷினி இரண்டு நாள் லீவு எடுத்துக் கூட வந்தாள். காலையில் தலையில் மரத்துப்போக ஊசி போட்டு, நான்கு திருகு வைத்து ஓர் இரும்புச் சட்டத்தைப் பூட்டினார்கள். கண்ணாடியில் பார்த்தபோது கூத்து மேடையில் வசனம் மறந்து நின்ற ராணி மாதிரி இருந்தது. இருநூறுக்குப் பக்கமான கதிர்கள் இருநூறு திசையிலிருந்து வரும் என்றார்கள். தனியாக ஒவ்வொன்றும் ஒன்றும் செய்யாதாம். எல்லாம் சந்திக்கிற ஒரே புள்ளியில், மொச்சைக்கொட்டையில், மட்டும் வேலை நடக்குமாம்.

"கட்டி கரைஞ்சிருமா?" என்று லோஷினி கேட்டாள்.

"கரைய வைக்கறது இல்ல, வளராம நிறுத்தறதுதான். நூத்துல தொண்ணூறுக்கு மேல நின்னுடும். கொஞ்ச நாளைக்கு வீங்கிக்கூட காட்டும், பயப்படக்கூடாது. போன காது வராது. அந்த இரைச்சலும் போவும்னு சொல்ல முடியாது. ஸ்கேன் மட்டும் எடுத்துக்கிட்டே இருக்கணும்" என்றார் அங்கிருந்த டாக்டர்.

கனத்த கதவு மூடியது. உள்ளே யோகேஸ்வரி மட்டும். ஐம்பது நிமிடம். வலி இல்லை, சூடு இல்லை. இருநூறு விருந்தாளி ஒரே நேரத்தில் தலைக்குள் வந்துபோனார்கள், ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. 'ஙீ' மட்டும் கடைசிவரை கூட இருந்தது.

மாலையில் சட்டத்தைக் கழற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நெற்றியில் இரண்டு சின்னப் புள்ளி மட்டும் மிச்சம். மறுநாள் லோஷினி கூலாய் வீட்டில் கேடயத்தைத் துடைத்து, ஃபிரிட்ஜில் ரசம் வைத்து, பப்பாளி மரத்துக்கும் கேட்டுக்கும் நடுவே பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டிவிட்டு, பஸ் ஏறினாள். மூன்று வருடக் கையெழுத்தில் இரண்டேகால் வருடம் பாக்கி இருந்தது. பஸ் ஜன்னலிலிருந்து மகள் ஏதோ சொன்னாள். யோகேஸ்வரி கையாட்டிவிட்டாள். பிறகு கையை இறக்கி, பஸ் திரும்பிய மூலையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமை குளித்தாள். ஞாயிறு பத்து மணிக்குப் போன் வந்தது. இடக் காதில் வைத்தாள். லோஷினி திருகு போட்ட இடம் வலிக்கிறதா என்று கேட்டாள், முருங்கைக்காய்க் கதை கேட்டாள், பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து மகள் இருந்த பக்கம் ஒரு லாரி போயிற்று. 'பாக்கலாம் பாக்கலாம்' என்பது யோகேஸ்வரியின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"கேக்கலடி" என்றாள். "என்ன சொன்ன? இன்னொரு தடவ சொல்லு."